இடுப்பு வலிக்கு எம்ஆர்ஐ: போகும் முன், படுக்கும்போது, ரிப்போர்ட் வந்தபின்

எம்ஆர்ஐ மேசையில் ஒருவரைப் படுக்க வைப்பதற்கு முன்னால் நான் தவறாமல் கேட்பது: "எங்க வலிக்குது, விரலால தொட்டுக் காட்டுங்க." பெரும்பாலும் விரல் வராது, சீட்டுதான் வரும். "டாக்டர் எழுதியிருக்காரு பாரும்மா." சீட்டில் 'எல்எஸ் ஸ்பைன்' என்று இருக்கும், அதாவது இடுப்புப் பகுதி முதுகெலும்பு. எந்த இடத்தைப் படம் பிடிப்பது என்பதற்கு அது போதும். படத்தில் எதைத் தேடுவது என்பதற்குப் போதாது.

நான் புதுச்சேரியில் ஒரு ஸ்கேன் சென்டரில் டெக்னீசியன். வீடு கடலூர் திருப்பாப்புலியூரில். ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் என்று தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். நான் டாக்டர் இல்லை. ரிப்போர்ட் எழுதுவது ரேடியாலஜிஸ்ட், வைத்தியம் சொல்வது உங்கள் டாக்டர். நடுவில் இருக்கிற அந்த அரை மணி நேரம் மட்டும்தான் என்னுடையது. ஆனால் அந்த அரை மணி நேரத்துக்கு முன்னும் பின்னும் ஜனங்கள் படுகிற பாட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இரவு டூட்டியில் மெஷின் சும்மா இருக்கும்போது முதுகு வலி பற்றிய ஆய்வுகளைப் படிப்பதும் பழக்கமாகிவிட்டது. இரண்டையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், ஸ்கேன் வேண்டுமா?

குனிந்து குடத்தைத் தூக்கினீர்கள், பிடித்துக்கொண்டது. நேற்று வரை நன்றாக இருந்த இடுப்பு இன்று நிமிர விடவில்லை. இந்த மாதிரி வலிக்கு முதல் வாரமே ஸ்கேனுக்கு ஓடாதீர்கள். ஆபத்து அறிகுறி எதுவும் இல்லையென்றால் ஏறக்குறைய ஆறு வாரம் படம் எடுக்காமலே பார்க்கலாம் என்றுதான் பல நாடுகளின் மருத்துவ வழிகாட்டிகளும் சொல்கின்றன. அதற்குள் பெரும்பாலானவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்துவிடும். ஸ்கேன் சென்டரில் சம்பளம் வாங்கிக்கொண்டு இப்படிச் சொல்கிறாளே என்று எங்கள் முதலாளி நினைக்கலாம். நினைத்துவிட்டுப் போகட்டும்.

காத்திருக்கவே கூடாத நிலைமைகளும் உண்டு. சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, அல்லது தெரியாமலே போய்விடுவது, மலம் கட்டுப்படாமல் போவது, ஆசனவாயைச் சுற்றியும் தொடைகளின் உட்புறமும் மரத்துப்போவது, இரண்டு காலும் பலமிழப்பது. தண்டுவடத்தின் கீழே குதிரை வால் போலத் தொங்கும் நரம்புக் கற்றை நசுங்குவதால் வருவது இது. ஜிப்மரோ, பக்கத்தில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியோ, நேரே எமர்ஜென்சிக்குப் போங்கள். "நாளைக்குக் காலையில அப்பாயின்ட்மென்ட் இருக்கு" என்று வீட்டில் படுத்திருக்க வேண்டாம். நசுங்கிய நரம்பை எத்தனை சீக்கிரம் விடுவிக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அது பிழைக்கும்.

இதற்கு அடுத்த நிலையில் இருப்பது பாதம் தொங்குவது. நடக்கும்போது ஒரு கால் செருப்பு மட்டும் நழுவிக் கழன்று போகிறதா, படியேறும்போது கால் நுனி தட்டுகிறதா, கவனியுங்கள். பலர் இதைச் செருப்பின் குறை என்று எண்ணிப் புதுச் செருப்பு வாங்கிவிட்டு வருகிறார்கள். வலி குறைந்து பலமும் குறைந்தால் அது குணமாவதற்கு அடையாளம் இல்லை. உடனே டாக்டரைப் பாருங்கள்.

அப்புறம் காய்ச்சல், எடை குறைதல், ராத்திரி படுத்தாலும் விடாத வலி, முன்பு எப்போதாவது புற்றுநோய் வந்திருப்பது. வயதான பெண்கள் குளியலறையில் லேசாக வழுக்கி உட்கார்ந்ததற்கே முதுகெலும்பு நொறுங்கியிருக்கலாம். ஆஸ்துமாவுக்கோ மூட்டு வலிக்கோ நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் அப்படித்தான். அதைத் தெரிந்துகொள்ள முதலில் ஒரு எக்ஸ்ரேயே போதுமாக இருக்கும்.

நம் ஊரில் இந்த வரிசையில் காசநோயை மறக்கவே கூடாது. சாயங்காலம் சாயங்காலம் லேசாகக் காய்ச்சல், பசியில்லை, உடம்பு இளைக்கிறது, முதுகில் ஒரே இடத்தைத் தட்டினால் வலிக்கிறது என்றால் இருமல் இல்லாவிட்டாலும் டாக்டரிடம் டிபி என்ற சந்தேகத்தை எழுப்புங்கள். பக்கத்துப் பக்கத்து இரண்டு எலும்பும் நடுவில் இருக்கிற டிஸ்க் என்ற ஜவ்வும் சேர்ந்து கெட்டிருப்பதுதான் படத்தில் அது வழக்கமாகக் காட்டும் முகம். பயப்பட வேண்டியதில்லை. இதற்கு வைத்தியம் சென்னையிலேயே சோதித்துப் பார்க்கப்பட்டது. அங்கிருந்த காசநோய் ஆராய்ச்சி மையம், பெரிய ஆபரேஷனோடு மருந்து கொடுத்தவர்களையும், ஆபரேஷன் இல்லாமல் மருந்து மட்டும் சாப்பிட்டு நடமாடிக்கொண்டிருந்தவர்களையும் பத்து வருஷம் தொடர்ந்து பார்த்தது. முடிவு 1999-இல் வெளியானது. மருந்து மட்டும் சாப்பிட்டவர்கள் ஒன்றும் பின்தங்கவில்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் ஆபரேஷன் செய்தே ஆக வேண்டியதில்லை என்று அதிலிருந்து தெளிவானது. அரசு ஆஸ்பத்திரியில் டிபி மருந்து இலவசம்.

அரைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்

டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் பாதி மறந்துபோகும். "எப்ப இருந்து?" என்று கேட்டால் பக்கத்தில் நிற்கிற மகன் ஒன்று சொல்வான், நீங்கள் ஒன்று சொல்வீர்கள். அதனால் வீட்டிலேயே நிதானமாக அரைத் தாளில் எழுதிவிடுங்கள்.

வலி இடுப்போடு நிற்கிறதா, காலில் இறங்குகிறதா? இறங்கினால் முழங்காலுக்குக் கீழே போகிறதா? எந்த விரல் வரை? இது நுணுக்கமான கேள்வி, ஆனால் பதில் உங்கள் காலிலேயே இருக்கிறது. பெருவிரல் பக்கமும் பாதத்தின் மேற்புறமும் மரத்தால் ஐந்தாவது லம்பார் நரம்பு, அதாவது இடுப்புப் பகுதியின் எல்5. சுண்டுவிரல் பக்கமும் பாதத்தின் வெளி ஓரமும் என்றால் முதலாவது சேக்ரல் நரம்பு, அதாவது அதற்குக் கீழே உள்ள எஸ்1. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் நாலடி நடந்து பாருங்கள், பிறகு முன்விரல்களால் நாலடி. குதிகாலில் நிற்க முடியவில்லை என்றால் எல்5 நரம்பையும், முன்விரலில் எழும்ப முடியவில்லை என்றால் எஸ்1 நரம்பையும் டாக்டர் சந்தேகிப்பார். இருமினாலோ தும்மினாலோ காலில் மின்னல் மாதிரி பாய்கிறதா என்பதையும் எழுதுங்கள். மல்லாந்து படுக்க வைத்து டாக்டர் உங்கள் காலை நீட்டியபடியே மேலே தூக்குவதும் இதே நரம்பை இழுத்துப் பார்க்கத்தான். அந்தச் சோதனையைச் செய்யாமலே ஸ்கேனுக்கு எழுதினால், நீங்களாகவே "காலைத் தூக்கிப் பாக்கணுமா சார்?" என்று கேட்கலாம். கோபித்துக்கொள்ள மாட்டார்.

நடை பற்றியும் ஒரு வரி எழுதுங்கள். மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார், ஓய்வு பெற்ற கண்டக்டர். "நடந்தா ரெண்டு கெண்டைக்காலும் இறுக்கிப் புடிக்குதும்மா, கொஞ்சம் குனிஞ்சு நின்னா விட்டுடுது. ஆனா சைக்கிள்ல தேவனாம்பட்டினம் வரைக்கும் போயிட்டு வந்துடுவேன்." இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியாது. குனியும்போது தண்டுவடக் குழாய் கொஞ்சம் அகலும். சைக்கிள் கைப்பிடியில் சாய்ந்து மிதிக்கிறவர் குனிந்துதானே இருக்கிறார்? குழாய் குறுகிப்போனவர்கள் சொல்கிற கதை இது. காலில் ரத்த ஓட்டம் அடைபட்டவர்களுக்கும் நடந்தால் கெண்டை வலிக்கும். ஆனால் அவர்கள் குனிய வேண்டாம், சும்மா நின்றாலே வலி விடும். சைக்கிள் மிதித்தாலும் வலிக்கும். இரண்டுக்கும் எடுக்க வேண்டிய ஸ்கேனே வேறு.

காலையில் எழுந்ததும் எப்படி இருக்கிறது? வயது நாற்பதுக்குள், மாதக்கணக்காக மெல்ல மெல்ல வந்த வலி, காலையில் அரை மணிக்கு மேல் இடுப்பு விறைத்துக் கிடக்கிறது, பின்னிரவில் எழுப்பிவிடுகிறது, வேலை செய்யச் செய்ய சரியாகிறது, ஓய்வெடுத்தால் கூடுகிறது: இதில் மூன்று நாலு பொருந்தினால் தனியாகக் கட்டம் கட்டி எழுதுங்கள். சிப்காட்டில் ஷிப்டு பார்க்கிற பையன்களிடம் இதை அடிக்கடி கேட்கிறேன். மெஷின் பக்கம் நின்று வேலை செய்வதால் வந்த வலி என்று அவர்களே முடிவு கட்டியிருப்பார்கள். இது எலும்பு தேய்வதால் வருவது இல்லை, உடம்பின் எதிர்ப்புச் சக்தி முதுகெலும்பின் மூட்டுகளையே தாக்குகிற வாத நோயாக இருக்கலாம். ஆரம்பத்தில் அது தெரிவது இடுப்பெலும்பும் முதுகெலும்பும் சேரும் எஸ்ஐ ஜாயிண்ட்டில்.

என் வேலை பற்றிய ஒரு ரகசியத்தை இங்கே சொல்ல வேண்டும். 'எல்எஸ் ஸ்பைன்' என்று மட்டும் எழுதி வந்தால் நான் எடுக்கிற வழக்கமான படங்களில் எஸ்ஐ ஜாயிண்ட் முழுதாக விழாது. அதற்குச் சாய்வுக் கோணம் வேறு, நீர் கோத்த இடத்தைத் தெளிவாகக் காட்டுகிற தனிப் படவரிசை வேறு. சந்தேகத்தை டாக்டர் சீட்டில் ஒரு வரி எழுதினால் எடுப்பேன். எழுதாவிட்டால் 'நார்மல்' என்று ரிப்போர்ட் வரும், பையன் பெல்ட் கட்டிக்கொண்டு சில வருஷம் அலைவான். நடுமுதுகு வலிக்கும் இதே கதைதான். சீட்டில் லம்பார் என்று இருந்தால் நான் எடுப்பது லம்பார்தான். அதனால்தான் விரலால் தொட்டுக் காட்டச் சொல்கிறேன். காட்டிய இடமும் சீட்டும் ஒத்துப்போகவில்லை என்றால் டாக்டருக்கு போன் போட்டுக் கேட்டுவிடலாம். படம் எடுத்து முடித்த பிறகு கேட்டு என்ன பயன்?

ஸ்கேன் அன்றைக்கு

எங்கள் மெஷினின் காந்தத்துக்கு ஸ்விட்ச் ஆஃப் கிடையாது. ஸ்கேன் ஓடாத நேரத்திலும் அது காந்தம்தான். கதவுக்கு வெளியே நான் செய்கிற சோதனை அதற்காக. நகையைக் கழற்றச் சொன்னால் எல்லாரும் கழற்றிவிடுவார்கள், தாலியில்தான் தயக்கம். தங்கத்தைக் காந்தம் இழுக்காது, ஆனாலும் கழுத்தில் உலோகச் சங்கிலியோடு உள்ளே விடுவதில்லை. கொஞ்ச நேரத்துக்கு மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ள வேண்டும் என்று நினைப்பவர்கள் வீட்டிலிருந்தே எடுத்து வாருங்கள். நான் உண்மையில் தேடுவது தாலிச் சரட்டில் தொங்குகிற ஊக்கை. அவசரத்துக்கு உதவும் என்று நம் பெண்கள் மூன்று நாலு ஊக்கு அதில் கோத்திருப்பார்கள், வளையலில் இரண்டு, புடவை மடிப்பில் ஒன்று. ஊக்கு இரும்பு. காந்தம் அதைப் பிடுங்கும். கொண்டை ஊசியும் அப்படியே. ஆண்களுக்கு அரைஞாண் கொடி. வெள்ளியை இழுக்காது என்றாலும் இடுப்பைச் சுற்றிய உலோக வளையம் சூடாகலாம், படமும் கெடும். சாவி, சில்லறை, ஏடிஎம் கார்டு, காது மெஷின் எல்லாம் வெளியே.

இவற்றைக் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: பேஸ்மேக்கர், மூளை ரத்தக்குழாயில் கிளிப், காதுக்குள் பொருத்திய கருவி, எந்த ஆபரேஷனிலாவது வைத்த பிளேட், ஸ்க்ரூ, கர்ப்பமாக இருப்பது. வெல்டிங், கிரைண்டிங் வேலை செய்கிறவர்கள் கண்ணில் எப்போதாவது இரும்புத் தூள் விழுந்திருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். கண்ணுக்குள் தங்கிய துணுக்கு காந்தத்தில் நகர்ந்தால் பார்வைக்கே ஆபத்து. முதலில் கண் பகுதியில் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிட்டுத்தான் உள்ளே விடுவோம்.

நேராகப் படுப்பதே வலிக்கிறவர்களுக்கு முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்போம். சத்தம் பலமாக இருக்கும், காதுக்குப் பஞ்சு தருவோம். மூடிய இடம் பயமென்றால் முன்னாலேயே சொல்லுங்கள், கையில் கொடுக்கிற பல்பை அழுத்தினால் உடனே நிறுத்திவிடுவேன். அசையக் கூடாது, ஆனால் மூச்சு தாராளமாக விடலாம். எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் போல இதில் கதிர்வீச்சு இல்லை. சாதாரண ஜவ்வு பிரச்சினைக்கு, படம் துலங்குவதற்காகப் போடுகிற ஊசி மருந்தும் தேவையில்லை. கிருமித் தொற்று, கட்டி, ஏற்கனவே ஆபரேஷன் ஆன முதுகு என்றால் கேட்கலாம், அப்போது கிட்னி எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்கள்.

எழுந்ததும் "இன்னாம்மா தெரியுது?" என்று கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிவது படம், உங்கள் வலி இல்லை.

ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பலர் அதை போனில் படம் பிடித்து ஒவ்வொரு சொல்லாகக் கூகுளில் தேடுகிறார்கள். அதற்குள் முகம் வெளுத்துவிடுகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

'டிஸ்க் டெசிகேஷன்' என்றால் டிஸ்க்கில் நீர் குறைந்திருக்கிறது. டி2 என்று நாங்கள் சொல்லும் படத்தில் தண்ணீர் வெள்ளையாகத் தெரியும், நீர் குறைந்த டிஸ்க் கறுத்துத் தெரியும். 'பல்ஜ்' என்றால் டிஸ்க்கின் விளிம்பு கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது. இதைத்தான் ஊரில் ஜவ்வு தேய்ந்துவிட்டது, ஜவ்வு விலகிவிட்டது என்கிறார்கள். வலியே இல்லாதவர்களைப் படுக்க வைத்து எடுத்தாலும் இவை இருக்கும். 2015-இல் ஒரு தொகுப்பாய்வு, வலியில்லாத 3,110 பேரின் ஸ்கேன்களை 33 ஆய்வுகளிலிருந்து திரட்டிப் பார்த்தது. டிஸ்க் தேய்மானம் 20 வயதிலேயே 37 சதவீதம் பேருக்கு, 50 வயதில் 80 சதவீதம், 80 வயதில் 96 சதவீதம். பல்ஜ் 20 வயதில் 30 சதவீதம், 50 வயதில் 60 சதவீதம். ஐம்பது வயதுக்காரர் ரிப்போர்ட்டில் இந்த இரண்டும் இல்லாவிட்டால்தான் நான் ஒருமுறை பிறந்த தேதியைச் சரிபார்ப்பேன்.

'லாஸ் ஆஃப் லம்பார் லார்டோசிஸ்' என்று ஒரு வரி அடிக்கடி வரும். இடுப்பின் இயல்பான உள்வளைவு குறைந்திருக்கிறது என்று பொருள். முழங்காலுக்கு அடியில் நான் வைத்த தலையணையே அந்த வளைவைத் தட்டையாக்கும். அந்த வரிக்காகத் தூக்கம் கெட வேண்டாம். 'ஷ்மோர்ல்ஸ் நோட்' (டிஸ்க் எலும்புக்குள் கொஞ்சம் குழிந்திருப்பது), 'தீக்கல் சாக் இன்டென்டேஷன்' (நரம்புகளைச் சுற்றிய உறை கொஞ்சம் அழுந்தியிருப்பது) என்பவையும் தனியாக நின்றால் பெரும்பாலும் அப்படித்தான். 'ஆனுலர் டேர்' (டிஸ்க்கின் வெளிவளையத்தில் விரிசல்) என்றதும் ஏதோ கிழிந்தே போய்விட்டது என்று அழுத அக்காக்கள் உண்டு. அதுவும் வலியில்லாதவர்களிடம் சாதாரணமாகக் காணப்படுவதுதான்.

எந்த வரியைப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் கேட்பது? 'நெர்வ் ரூட் கம்ப்ரஷன்' (நரம்பு வேர் நசுங்குவது), 'எக்ஸ்ட்ரூஷன்' (டிஸ்க் உள்ளிருப்பது வெளியே தள்ளியிருப்பது), 'சிவியர் கெனால் ஸ்டெனோசிஸ்' (தண்டுவடக் குழாய் மிகவும் குறுகியிருப்பது), 'மேரோ எடிமா' (எலும்பு மஜ்ஜையில் நீர் கோத்திருப்பது), 'ஃபிராக்சர்' (எலும்பு முறிவு), 'கலெக்ஷன்' (சீழோ நீரோ தேங்கியிருப்பது). இவற்றில் ஏதாவது இருந்தால் உங்கள் அரைத் தாளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம், எந்த மட்டம்? எல்4-எல்5 டிஸ்க் பிதுங்கினால் வழக்கமாக நசுங்குவது எல்5 நரம்பு, அதாவது பெருவிரல் பக்கம். எல்5-எஸ்1 என்றால் எஸ்1 நரம்பு, சுண்டுவிரல் பக்கம். ரிப்போர்ட் வலது என்கிறது, உங்களுக்கு வலிப்பது இடது கால் என்றால் அந்த டிஸ்க் அநேகமாக உங்கள் வலிக்குக் காரணம் இல்லை. இரண்டும் பொருந்தினால்தான் படத்துக்கு மதிப்பு. பொருந்தாத ரிப்போர்ட்டை நம்பி ஊசி போடவோ ஆபரேஷனுக்குத் தேதி வாங்கவோ போகாதீர்கள்.

ரிப்போர்ட் எழுதுவதும் மனிதர்தான். அமெரிக்காவில் 63 வயதுப் பெண் ஒருவரை மூன்று வாரத்துக்குள் பத்து வெவ்வேறு ஸ்கேன் சென்டர்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். 2017-இல் வெளியான முடிவு: பத்து ரிப்போர்ட்டிலும் சேர்த்து 49 விதமான கோளாறுகள் எழுதப்பட்டிருந்தன. பத்திலும் பொதுவாக இருந்தது ஒன்றுகூட இல்லை. அதே முதுகு, அதே மாதம்.

ரிப்போர்ட்டை விளக்கும் விதமே ஆளைப் படுக்க வைத்துவிடும் என்று காட்டியது நம் கோயம்புத்தூர் ஆய்வு. கங்கா ஆஸ்பத்திரியில் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினர், நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ரிப்போர்ட்டில் உள்ள ஒவ்வொன்றையும் அப்படியே விளக்கினார்கள். இன்னொரு பிரிவுக்கு, கவலைப்பட ஒன்றுமில்லை, வயதுக்கு ஏற்ற மாற்றங்கள்தான் என்றார்கள். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால், விளக்கம் முழுதும் கேட்டவர்களுக்குத்தான் தங்கள் முதுகைப் பற்றிய பயம் கூடியிருந்தது. 2021-இல் வெளியானது இது. அதைப் படித்த பிறகுதான் ரிப்போர்ட் கவரைக் கொடுக்கும்போது "டாக்டர்கிட்ட போய்ப் பிரிச்சுக்கங்க" என்று சொல்ல ஆரம்பித்தேன். யார் கேட்கிறார்கள்? லிஃப்ட்டிலேயே பிரித்துவிடுகிறார்கள்.

அப்புறம் என்ன செய்வது

படுக்கையில் கிடப்பதை விடுங்கள். 1986-லேயே அமெரிக்காவில் இரண்டு நாள் ஓய்வையும் ஏழு நாள் ஓய்வையும் ஒப்பிட்டார்கள். ஏழு நாள் படுத்தவர்களுக்குக் கூடுதல் பயன் எதுவும் இல்லை, வேலைதான் அதிகம் கெட்டது. 1995-இல் ஹெல்சிங்கி மாநகராட்சி ஊழியர்களிடம் செய்த ஆய்வில், படுத்திருந்தவர்களையும் தனிப் பயிற்சி செய்தவர்களையும் விட, வலி தாங்குகிற அளவுக்கு வழக்கமான வேலைகளைச் செய்துகொண்டிருந்தவர்கள்தான் சீக்கிரம் தேறினார்கள். மாமியார் சொல்கிற "பத்து நாள் அசையாம படு" என்பதற்கு இதுதான் பதில். நேரில் சொல்வதும் சொல்லாததும் உங்கள் சாமர்த்தியம்.

நடங்கள். 2024-இல் ஆஸ்திரேலியாவில், சமீபத்தில் இடுப்பு வலி வந்து தேறிய 701 பேரிடம் செய்த சோதனையில், படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு அடுத்த வலி வர எடுத்த காலத்தின் நடுமதிப்பு 208 நாள், நடைத் திட்டம் இல்லாதவர்களுக்கு 112 நாள். இலக்கு பெரிதாக ஒன்றுமில்லை: வாரத்துக்கு ஐந்து நாள், முப்பது நிமிடம், அதையும் ஆறு மாதத்துக்குள் எட்டினால் போதும். புதுச்சேரிக்காரர்களுக்குக் கடற்கரைச் சாலை இருக்கிறது, சாயங்காலம் ஆறு மணியிலிருந்து காலை ஏழரை வரை வண்டி விடுவதில்லை. கடலூரில் சில்வர் பீச் பக்கம் போனால் முதலில் ரோட்டிலேயே நடங்கள். மணலில் கால் புதைந்து புதைந்து நடப்பது ஆரம்பத்தில் இடுப்புக்கு அதிகம்.

மாத்திரை விஷயம். வெறும் பாராசிட்டமால் திடீர் இடுப்பு வலியைச் சீக்கிரம் தீர்ப்பதில்லை என்று 2014-இல் ஆஸ்திரேலியாவில் 1,600-க்கும் மேற்பட்டவர்களிடம் செய்த ஆய்வு காட்டியது. அதைச் சாப்பிட்டவர்கள் தேற 17 நாள், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 16 நாள். மற்ற வலி மாத்திரைகள் கொஞ்சம் கேட்கும், ஆனால் அல்சர், பிரஷர், கிட்னிப் பிரச்சினை உள்ளவர்கள் மெடிக்கல் ஷாப்பில் போன வருஷச் சீட்டைக் காட்டி வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

எண்ணெய், தைலம், வெந்நீர் ஒத்தடம் எல்லாம் தாராளமாகச் செய்யலாம், சுகமாக இருக்கும். சுளுக்கு எடுப்பவரிடம் போவது வேறு விஷயம். கால் பலமிழந்தவர்கள், எலும்பு மெலிந்த வயதானவர்கள், காய்ச்சலோடு முதுகு வலிக்கிறவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது. முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வதும் வேண்டாம், மிதிக்கிற பிள்ளை எத்தனை கைராசிக்காரனாக இருந்தாலும்.

ஆபரேஷன் சொல்லியிருந்தால்? சிறுநீர்ப் பிரச்சினை, கால் பலம் குறைந்துகொண்டே போவது என்றால் தாமதிக்காதீர்கள். காலில் இறங்குகிற வலி மட்டும் என்றால் யோசிக்க நேரம் இருக்கிறது. நெதர்லாந்தில் 2007-இல் வந்த ஆய்வில் 283 பேரில் ஒரு பாதிக்குச் சீக்கிரமே ஆபரேஷன், மறுபாதிக்குப் பொறுத்துப் பார்ப்பது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குக் கால் வலி வேகமாகக் குறைந்தது. ஒரு வருஷ முடிவில் இரண்டு தரப்பிலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். பொறுத்துப் பார்த்தவர்களில் 39 சதவீதம் பேர் இடையில் ஆபரேஷனுக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வலியைத் தாங்கிக் கூலி வேலையும் பார்க்க முடியாதவருக்கு அந்த வேகம் பெரிது, லீவு போட முடிகிறவருக்குப் பொறுமை கட்டுப்படியாகும். இதை டாக்டரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

பொறுத்துப் பார்க்கலாம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பிதுங்கி உடைந்து தனியாக விழுந்த டிஸ்க் துண்டைத்தான் எல்லாரும் அதிகம் பயப்படுவார்கள். உடம்பு அதிகம் கரைத்துவிடுவதும் அதைத்தான். 2015-இல் வந்த மற்றொரு தொகுப்பாய்வில், தனியாக விழுந்த துண்டுகளில் 96 சதவீதம் ஆபரேஷன் இல்லாமலே சுருங்கியிருந்தன. வெறும் பல்ஜில் சுருங்கியது 13 சதவீதம்தான். வெளியே வந்த துண்டை உடம்பு அந்நியப் பொருளாகக் கருதி அரித்துத் தின்றுவிடுகிறது, உள்ளேயே இருக்கிற பல்ஜை அது கண்டுகொள்வதில்லை.

வலி போய்விட்டால் "கரைஞ்சிடுச்சா" என்று பார்க்க மறுபடி ஸ்கேன் எடுக்காதீர்கள், காசுதான் கரையும். புதிதாகக் கால் பலமிழந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, ஆபரேஷன் முடிவாகி பழைய படம் பல மாதம் ஆகியிருந்தாலோ டாக்டரே கேட்பார். அப்போது பழைய ஃபிலிமையும் சிடியையும் கொண்டு வாருங்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, ரேடியாலஜிஸ்ட் ஒப்பிட்டுப் பார்ப்பது படத்தை. ஃபிலிமை மடிக்காதீர்கள், பீரோ மேல் வெயில் படுகிற இடத்தில் போடாதீர்கள், மெத்தைக்கு அடியிலும் வேண்டாம். கவர் மேல் தேதியையும் எந்தப் பக்கக் கால் என்பதையும் ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதிவிடுங்கள்.